மறைக்காத முகம்

எங்கள் சேனலில் என்னை 'ப்ளர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவன் கேமராக்காரன். வாய்க்கொழுப்பு பிடித்தவன். ஆனாலும் அந்தப் பெயர் எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைப்பானேன்? செய்தி வீடியோக்களை வெட்டி ஒட்டி ஒளிபரப்புக்குத் தயார் செய்வது என் வேலை. சின்னப் பெண் யாராவது பாதிக்கப்பட்ட செய்தி என்றால் அவள் முகத்தைக் கலங்கலாக்கி மறைப்பதில் நான் ஒரு ராட்சசி. முகம் மட்டும் போதாது எனக்கு. ரிப்பன் தெரியுது, வாசல் கதவு தெரியுது, சைக்கிள்ல ஒட்டின ஸ்டிக்கர் தெரியுது, எல்லாத்தையும் மறைடா என்று உயிரை வாங்குவேன். ஒருமுறை ஒரு சிறுமியின் தோடு தெரிந்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரனைக் கிழி கிழியென்று கிழித்தேன். அன்று நான் பேசியதில் பாதியை அச்சில் போட முடியாது. அந்தச் சிறுமியின் அப்பா பிறகு அலுவலகத்துக்கே வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டால்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்ல முடியும்.

காலையில் ஒரு படம் வந்தது. செஸ் போட்டியில் பரிசு கொடுத்தபோது எடுத்தது. பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெற்றுப்பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் அவனுடைய பயிற்சியாளர், முப்பத்தைந்து வயது இருக்கும், அவன் தோளில் கை போட்டு நிற்கிறாள். அவள் அவனை வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப் போய், தங்கிய இடத்தில் வைத்து ரொம்ப நாளாகக் கெடுத்திருக்கிறாள். பையனின் அம்மா போலீசில் புகார் கொடுக்க, அவளைக் கைது செய்திருந்தார்கள். செய்தி இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் செய்தி ஆசிரியர் அதை இப்படியா விடுவார்? 'ராணி வலையில் சிப்பாய்!' என்று தலைப்புப் போட்டார். பின்னணிக் குரல் கொடுப்பவரை நாங்கள் வெண்கலம் என்போம், தொண்டை அப்படி. பெண் குழந்தை செய்தி என்றால் அந்தத் தொண்டை தழுதழுக்கும். அன்றைக்கு அதே தொண்டையில் ஒரு குறும்பு ஏறியது. "சதுரங்கம் கற்க வந்தான் சிறுவன்... கற்றுக்கொண்டதோ வேறு பாடம்!" என்று இழுத்துப் படித்தார். அதற்குப் பின்னால் விசிலடிக்கிற மாதிரி ஒரு இசையைச் சேர்த்தார்கள். அரசியல்வாதி சறுக்கி விழுந்தால் போடுகிற இசை அது.

கேமராக்காரன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ம்ஹும், நமக்கெல்லாம் படிக்கிற காலத்துல இப்படி ஒரு மிஸ் வாய்க்கலையே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தேன். பாலியல் செய்தி, படத்தில் ஒரு பெண். கை தானாகப் போனது. கலங்கல் வட்டத்தை எடுத்து அவள் முகத்தில் வைத்தேன். கழுத்துச் சங்கிலி தெரிந்தது, அதையும் மறைத்தேன். பையனின் முகத்தைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை. செய்தி ஆசிரியர் பார்த்து "ஓகே" என்றார். சட்ட ஆலோசகர் பார்த்து, "பொண்ணு மூஞ்சியை மறைச்சாச்சுல்ல? சரி, போடுங்க" என்றார். மதியச் செய்தியில் போய்விட்டது. ஃபோன்களிலும் பறந்தது. இத்தனை பேர் கண்ணும் எங்கே போயிருந்தது? என் கண்தான் எங்கே போயிருந்தது?

மறுநாள் காலை வரவேற்பு மேசையிலிருந்து ஃபோன். "அக்கா, யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க. வீடியோல மூஞ்சியை மறைக்கிறவங்களைத்தான் பார்க்கணுமாம். வேற யாரும் வேணாமாம்."

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு இறங்கிப் போனேன்.

மருந்துக்கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்துவிட்டாள் போல. பையில் இரண்டு பேனா செருகியிருந்தது. கண்கள் தூங்கிப் பல நாள் ஆனவை.

"மூஞ்சியை மறைக்கிறது நீங்கதானாம்மா?"

"ஆமாம்மா, நான்தான். சொல்லுங்க" என்றேன் பெருமையாக.

"அவ மூஞ்சியை மறைச்சீங்களே, என் புள்ள மூஞ்சியை ஏன்மா விட்டுட்டீங்க?"

எனக்குப் புரியவில்லை. எந்தப் பிள்ளை, எந்த அவள் என்று விழித்தேன். பிறகு அவள் உதட்டோரத்தைப் பார்த்தேன். அதே தெற்றுப்பல்.

வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "அது வந்தும்மா, சட்டப்படி, பாதிக்கப்பட்டவங்க முகத்தை நாங்க..."

"பாதிக்கப்பட்டது யாரும்மா?"

அவள் கத்தவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்துச் சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். காது மடல்வரை எரிந்தது. என் வாழ்க்கையில் யாரிடமும் நான் தலைகுனிந்து நின்றதில்லை, வீட்டில் என் மாமியாரைக் கேட்டால் சொல்வார். அன்று ஒரு மருந்துக்கடைப் பெண் முன்னால் குனிந்து நின்றேன்.

அவளை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு செய்தி ஆசிரியர் அறைக்கு ஓடினேன். சட்ட ஆலோசகரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா" என்றார் செய்தி ஆசிரியர். "சரி, இப்பவே எல்லா எடத்துலயும் தூக்கிடச் சொல்லு. முடிஞ்சுது."

"முடியல சார். ஊருக்கே காட்டினோம். தப்புன்னும் ஊருக்கே சொல்லணும். ராத்திரிச் செய்தில ஒரு வரி போதும்."

சட்ட ஆலோசகர் கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னிப்பு கேட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. இதுவே ஒரு பொண்ணா இருந்திருந்தா இந்நேரம் சேனலுக்கே பூட்டு போட்டிருப்பாங்க. ஏதோ பையனா போனதால தப்பிச்சோம்."

தப்பித்தோமாம். அந்த ஆள் நிஜமாகவே நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

செய்தி ஆசிரியர் ஏதோ யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யலாம். பையன்கிட்ட ஒரு பேட்டி எடுப்போம். முகத்தை மறைச்சே எடுப்போம். அவன் மனசு தெறந்து பேசட்டும், மக்களுக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுப் புள்ளைகிட்டப் போய் எடுங்க சார் பேட்டி!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். கதவை அறைந்த அறையில் சுவரில் அவர் மாட்டியிருந்த விருது ஒன்று சரிந்ததாம். கேமராக்காரன் பிறகு சொன்னான்.

ஆனால் யாரைப் பார்த்துக் கத்தினேன்? என்னைப் பார்த்துத்தான் நான் கத்தியிருக்க வேண்டும். படியில் இறங்கும்போதே அது உறைத்தது.

கீழே அந்த அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தூக்கிவிடுவார்கள், மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எதையும் எதிர்பார்த்து வரவில்லை போல.

"ஸ்டேஷன்லயும் இப்படித்தான்மா" என்றாள். "இன்ஸ்பெக்டர் என் புள்ளையை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'நீ அவளைவிட உசரமா இருக்கியேடா, தள்ளிவிட்டுட்டு ஓட வேண்டியதுதானே'ன்னு கேட்டாரு. அவளை உடனே ஜாமீன்ல விட்டுட்டாங்க. பாவம் பொம்பள, வீட்ல சின்னக் குழந்தை இருக்காம். எங்க வீட்டுக்காரரே, 'ஆம்பளப் புள்ளைக்கு என்ன நஷ்டம், விட்டுத் தொலை'ங்கறாரு."

போன மாதம் இதே ஸ்டேஷனில் ஒரு வேன் டிரைவரைப் பிடித்தார்கள். ஒரு சிறுமியிடம் அவன் நடந்துகொண்ட விதத்துக்காக. அவனை விலங்கு மாட்டித் தெருத்தெருவாக நடத்தினார்கள். அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, அது துடிக்கிற மாதிரி செய்தது நான்தான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அந்தச் சிவப்பு வட்டம் இந்தப் பெண் முகத்துக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை.

"இப்ப நான் எதுக்கு வந்தேன்னா" என்றாள் அந்த அம்மா. "திங்கக்கிழமை அவன் மாஜிஸ்திரேட்கிட்ட வாக்குமூலம் குடுக்கணும். நடந்ததைச் சொல்றேன்னு ஒத்துக்கிட்டுத்தான் இருந்தான். உங்க வீடியோவைப் பார்த்ததுல இருந்து, 'தப்பு நான்தான் பண்ணேன்னு சொல்லிடப் போறேன்'ங்கறான். அப்படிச் சொல்லிட்டா கேஸே போச்சு. கேஸ் கெடக்கட்டும்மா, அதை அவன் நம்பறான். அம்மா சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறான். மறைச்சது நீங்க. நீங்க வந்து சொல்லுங்க."

போனேன். வேறு என்ன செய்ய?

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. கூடத்தில் அலமாரி நிறையக் கோப்பைகள், அத்தனையையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படத்தில் நெற்றியில் புரண்ட முடி இப்போது இல்லை. சமையலறைக் கத்தரியால் அவனே கண்டபடி வெட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே கொத்தாக, அங்கே தோல் தெரிய. யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதாம். மேலுதட்டைக் கீழே இழுத்துப் பல்லை மூடியே வைத்திருந்தான். அந்தச் சின்ன முயற்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "தம்பி, நான் டிவில வேலை செய்றேன். உன் படத்தை ரெடி பண்ணது நான்தான்."

நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை.

"நான் தெனமும் உங்க செய்தி பார்ப்பேங்க்கா" என்றான். "தப்பு பண்ணவங்க மூஞ்சியைக் காட்டுவீங்க. பாவப்பட்டவங்க மூஞ்சியை மறைப்பீங்க."

"ஆமா."

"மிஸ் மூஞ்சியை மறைச்சிருந்தீங்க."

இவ்வளவுதான் அவன் கணக்கு. எங்கள் செய்தியைப் பார்த்துப் பார்த்து நாங்களே கற்றுக்கொடுத்த கணக்கு.

"மிஸ்ஸும் அதையேதான் சொல்வாங்க" என்றான். "'நீதான் காரணம், உன்னாலதான் நான் இப்படி ஆயிட்டேன்'னு. நான் நம்பல. அப்புறம் டிவிலயும் அப்படியே வந்துச்சா... பெரியவங்க இத்தனை பேர் பார்த்துத்தானே போடுவீங்க? என் க்ளாஸ்ல எல்லாரும் அந்த வீடியோவை அனுப்பிக் குடுத்து, 'மச்சான் கலக்கிட்டே'ங்கறானுங்க. தப்பு பண்ணலன்னா எதுக்கு அப்படிச் சொல்வானுங்க? அதுலயும் நான் சிரிச்சுட்டு வேற நிக்கறேன்."

"அது ஜெயிச்சதுக்குச் சிரிச்ச சிரிப்புப்பா."

"யாருக்குத் தெரியும்?"

அந்த விசில் இசையோடு அதைக் கேட்டவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காதுதான்.

"தம்பி, நல்லாக் கேளு. உன் மூஞ்சியைத்தான் மறைச்சிருக்கணும். அவ மூஞ்சியைக் காட்டியிருக்கணும். தப்பு என்னுது. உன்னுது இல்ல."

"தெரியாமப் பண்ணிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவனும் தலையாட்டியிருப்பான், நானும் எழுந்து வந்திருப்பேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாமன்னு சொல்ல மாட்டேன். யோசிக்காம. பொண்ணுன்னா பாவம்னு பழகிட்ட கை. நீ அங்க நின்னதையே நான் பார்க்கல."

குனிந்து கால் விரலைப் பார்த்தான். பிறகு கேட்டான். "நான் பொண்ணா இருந்திருந்தா?"

"உன் செருப்பைக்கூட மறைச்சிருப்பேன்டா."

அவன் அழவில்லை. அவன் அம்மா கதவருகில் நின்று கோட்டின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"இதை அங்க வந்து சொல்வீங்களாக்கா? கோர்ட்ல? என்கிட்ட மட்டும் சொன்னா..."

"வரேன்" என்றேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "உனக்கு எதுக்கு இந்த வேலை? வேலைக்கே உலை வெச்சுடுவாங்க" என்றார். திங்கட்கிழமை காலை சட்ட ஆலோசகரும் கூப்பிட்டார். யார் போய் வத்தி வைத்தார்களோ தெரியவில்லை. "அங்க போய் வாயைத் தெறந்தீங்கன்னா சேனல் பொறுப்பில்லம்மா. மறைச்சது உங்க கை. மாட்டப்போறதும் நீங்கதான்" என்றார். "என் கைதான் சார். அதைச் சொல்லத்தான் போறேன்" என்று வைத்துவிட்டேன்.

நீதிமன்ற வாசலில் கேமராக் கூட்டம். எங்கள் ஆட்களும் இருந்தார்கள். பயிற்சியாளர் ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவள் வரவில்லை. நாங்கள்தான் வந்தோம். அம்மா ஆட்டோக்காரருக்குப் பணம் கொடுக்கப் பின்தங்கிவிட, நானும் பையனும் முன்னால் நடந்தோம். கூட்டத்தில் ஒருவன், "அதோ பையன்! கூட வர்றது அவதான்!" என்று கத்தினான்.

என்னை அவள் என்று நினைத்துவிட்டார்கள். அத்தனை கேமராவும் என் பக்கம் திரும்பியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று ஷாலை இழுத்து என் முகத்தை மூடிக்கொண்டேன். பையனைப் பற்றிய நினைப்பே இல்லை. இவ்வளவு நடந்த பிறகும், அந்த ஒரு நொடியில், என் மூஞ்சி, என் மானம், என் வீடு, அதுதான்.

பக்கத்தில் மூடாத முகத்தோடு நடந்துகொண்டிருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க ஏங்க்கா மூடிக்கறீங்க?" என்றான், குத்திக் காட்டாமல், எனக்கு உதவி செய்கிற மாதிரி. "உங்க மூஞ்சியை அவங்களே மறைச்சிடுவாங்க."

செத்துப்போகலாம் போலிருந்தது. நின்றேன். ஷாலை முகத்திலிருந்து உருவினேன். அவன் தலையில் போட்டு, கன்னத்தையும் வாயையும் சுற்றிக் கட்டினேன். முதல் முடிச்சு நழுவியது, திரும்பக் கட்டினேன். கண் மட்டும் தெரிந்தது. எங்கள் கேமராக்காரன் அப்போதுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "ஐயோ, ப்ளர் அக்கா, நீங்களா!" என்று கேமராவைக் கீழே இறக்கினான்.

"எதுக்குடா எறக்கறே? எடு. என் மூஞ்சியை நல்லா எடு. ப்ளர் கிளர்னு எதையாவது போட்டே, தொலைச்சுடுவேன்" என்றேன். ஒதுங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வழிவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடம் போனேன். பையன் என் பக்கத்திலேயே நின்றான்.

"சார், இந்தப் பையன் மூஞ்சியை டிவில காட்டினது நான். பாதிக்கப்பட்ட குழந்தையோட அடையாளத்தை வெளிய விடறது குற்றம். எழுதிக்கோங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பையன் மூஞ்சிதானேம்மா? ஆம்பளப் புள்ள மூஞ்சி தெரிஞ்சா என்ன குடி முழுகிப் போச்சு? போய் வேலையைப் பாருங்க."

செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனால், அது குற்றமே இல்லை என்று துரத்துகிறார்கள். பையன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஷாலுக்குள் அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எனக்குள் இருந்த ராட்சசி அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

"போன மாசம் வேன் டிரைவர் கேஸ்ல, அந்தப் பொண்ணோட சைக்கிள் சக்கரம் கொஞ்சம் தெரிஞ்சுதுன்னு எங்க ஆபீசுக்கு ஆள் அனுப்பி மிரட்டினது யாரு சார்? நீங்கதானே? சக்கரத்துக்கு இருந்த மானம் இவன் மூஞ்சிக்கு இல்லையா? எழுதுங்க சார். நீங்க எழுதற வரைக்கும் நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன். பேப்பர் இல்லையா? நான் வாங்கிட்டு வரேன்!"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "எதுக்கும்மா கத்தறீங்க, சனியன்" என்று முனகிக்கொண்டே பேனாவை எடுத்தார். என் பெயரையும் முகவரியையும் சொன்னேன். செய்தது என்ன என்று சொன்னேன். எழுதினார். அந்த ஆள் அதை வைத்து ஒரு துரும்பைக்கூட அசைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பையன் எட்டிப் பார்த்து, அவர் எழுதுவதைக் கடைசி எழுத்துவரை படித்தான்.

அவனை உள்ளே கூப்பிட்டார்கள். ஷாலை அவிழ்த்து, மடித்து, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அம்மாவும் நானும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். நீதிமன்ற ஊழியர் கதவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு வந்தார்.

"சாத்தலையாங்க?" என்றேன்.

"பொண்ணுங்க சொல்றதுன்னா சாத்துவோம்மா. இது பையன்தானே. காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எழுந்து சாத்தத்தான் நினைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. உள்ளே காகிதம் புரளும் சத்தம். பிறகு மாஜிஸ்திரேட்டின் குரல், அன்பாகத்தான், நல்ல மனிதராகத்தான் தெரிந்தது.

"பயப்படாதே தம்பி. சொல்லு, நீ என்ன பண்ணே?"

உனக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நீ என்ன பண்ணே என்று கேட்டார். ஒரு சிறுமியிடம் அப்படிக் கேட்டிருப்பாரா அந்த நல்ல மனிதர்? அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் தப்பு பண்ணேன் என்று அவன் சொல்லப்போகிறான், அதைச் சொல்லவைத்தவள் நான், அதை இந்தப் பெஞ்சிலிருந்து நானே கேட்கப்போகிறேன் என்று நினைத்தேன். ஷாலை மடியில் வைத்துப் பிசைந்தேன். அவன் மூச்சின் ஈரம் அதில் இன்னும் இருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றான்.

குரல் உடைகிற வயசு, பாதியில் கீச்சிட்டது. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான்.

"மிஸ்தான் பண்ணாங்க. டிவில என் மூஞ்சியைக் காட்டினாங்க சார், அதைப் பார்த்துட்டு நீங்க நான்தான்னு நினைச்சுக்காதீங்க. அது ஒரு அக்கா பண்ண தப்பு. வெளியதான் உட்கார்ந்திருக்காங்க."

அம்மா என் கையை விட்டாள். மேற்கொண்டு அவன் சொல்லப்போவது ஊர் கேட்பதற்கு இல்லை. நான் கேட்பதற்கும் இல்லை. எழுந்து போய், உள்ளே பார்க்காமல், கதவை இழுத்துச் சாத்தினேன்.